பம்பரில் ஓட்டை போடக் கூடாது

எஸ்டேட் ஆபீசில ரைட்டர் வேலை பார்க்கிற ஆளுக்குக் கார் எதுக்குங்க? ஏற்காடே கேட்டுச்சு, நானும் கேட்டேன். எங்க ஊட்டுக்காரர் காதுல போட்டுக்கல. தலைச்சோலைப் பக்கம் பங்களா வெச்சிருந்த ஒரு பெங்களூர்க்காரர் எல்லாத்தையும் வித்துட்டுக் கிளம்புறப்ப, அவரோட பழைய பியட்டை இவர் வாங்கிட்டாரு. எண்பதுகளோட ஆரம்பம் அது. மலையில சொந்தக் கார் வெச்சிருந்தவங்களை விரல் விட்டு எண்ணிடலாம்.

வண்டி கர்நாடகா நம்பர். சேலத்துக்கு நடையா நடந்து நம்ம ஊர் நம்பரா மாத்திட்டு வந்தாரு. பழைய நம்பரை முன் பம்பர் மேலயே பெயின்ட்டுல எழுதி வெச்சிருந்தாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை கோயிலுக்குக்கூட வராம, மண்ணெண்ணெய்த் துணியால தேய்ச்சுத் தேய்ச்சு அதை எடுத்தாரு. உள்ளேயிருந்து பம்பர் கண்ணாடி மாதிரி வந்துச்சு பாருங்க, அத்தோட புடிச்சது சனி. அதுக்கு மேல பெயின்ட் படக் கூடாதாம். ஒண்டிக்கடை முக்கு மெக்கானிக்கு, ரெண்டே ரெண்டு ஓட்டை போட்டுப் புது நம்பர் பிளேட்டை போல்ட்டு முடுக்கித் தரேன்னு ட்ரில்லைக் கையில எடுத்தாரு. இவர் போட்ட சத்தத்துல டீக்கடைக்காரங்க எல்லாம் ஓடி வந்துட்டாங்க. "ஏனுங்க, உங்க நெஞ்சுலயா ஓட்டை போடப் போறாரு?"ன்னு நான் கேட்டேன். மனுஷன் சிரிக்கல.

பின்னாடி பிளேட்டுக்கு வண்டியிலயே இடம் இருந்துச்சு, பிரச்சனையில்ல. முன்னாடிக்குத்தான் இந்தக் கூத்தெல்லாம். எஸ்டேட் ஆசாரிகிட்டச் சொல்லி, சில்வர் ஓக் பலகையில ஒரு பிரேம் செஞ்சாரு. சுவத்துல மாட்டுற கல்யாண போட்டோவுக்குக்கூட அவ்வளவு அகலமா பிரேம் போட மாட்டாங்க. அதுக்குள்ள நம்பர் பிளேட்டைப் பதிச்சு, பம்பருக்கு மேல, எஞ்சினுக்குக் காத்து போற கிரில்லு மேலயே வெச்சுக் கட்டினாரு. மரம் பட்டுக் கிரில்லுல கோடு விழுந்துடுமேன்னு பின்னாடி லாரி ட்யூப்பை வெட்டி ஒரு ரப்பர் ஷீட்டு. கட்டுற கம்பி உரசிடுமேன்னு அந்தக் கம்பிக்கு சைக்கிள் வால்வ் ட்யூப்பு மாட்டி உறை. எனக்கு ஒரு பட்டுச்சேலை எடுக்க இந்த மனுஷன் இத்தனை யோசிச்சதில்ல.

அதைப் பார்த்து யாரும் தப்புன்னு சொல்லலைங்க. சொல்லவும் மாட்டாங்க, ஏன்னா எங்க மலைப் பழக்கம் அப்படி. மார்கழி தையில இங்க காலையில எஞ்சின் சூடே ஏறாது. ஜீப்பு, லாரி, எல்லாத்துக்கும் கிரில்லு மேல காப்பிச் சாக்கை மடிச்சுக் கட்டி வெச்சுடுவாங்க, குளிர்காத்து உள்ள போகாம இருக்க. எஞ்சின் சூடானதும் அவுத்து சீட்டுக்கடியில போட்டுடுவாங்க. "ரைட்டருக்குச் சாக்குக் கட்டுற வேலை மிச்சம்"னு ஒண்டிக்கடையில பேசிச் சிரிச்சாங்க. நானும் சேர்ந்துதான் சிரிச்சேன்.

இப்ப என் நாத்தனாரைப் பத்திச் சொல்லணும். இவரோட ஒரே தங்கச்சி. மிஷன் பள்ளிக்கூடத்துல தையல் டீச்சர். அப்பன் ஆத்தா இல்லாத புள்ள, எங்க கூடத்தான் இருந்தா. வயசு முப்பதைத் தொட்டுகிட்டு இருந்துச்சு. பொண்ணு பார்க்க வந்தவங்க ஒவ்வொருத்தரும் பலகாரத்தைச் சாப்பிட்டு, காப்பியைக் குடிச்சு, "சொல்லி அனுப்புறோம்"னு போவாங்க. அதோட சரி. அவ ஒரு வார்த்தை பேசினதில்ல. ஆனா சேலத்துலயிருந்து ஒரு வாத்தியார் சம்பந்தம் வந்தப்ப மட்டும், அடுப்படிக்கு வந்து என் பின்னாடி நின்னா. "அண்ணி, இவங்களை நான் சபைக் கன்வென்ஷன் கூட்டத்துல பார்த்திருக்கேன். இது நடந்தா நொம்ப நல்லா இருக்கும் அண்ணி"ன்னா. இதை எப்பாடுபட்டாவது முடிச்சுடணும்னு அன்னிக்கே மனசுல வெச்சுகிட்டேன்.

பையனோட அம்மாவுக்கு ஒரே ஒரு பயம், மலை. பஸ்சுல வளைவு திரும்பினா தலை சுத்தும், வரவே மாட்டேன்னுட்டாங்க. எங்க சர்ச்சு ஆயர்தான் நடுவுல பேசி, அவங்க சொந்தக் கார்லயே மெதுவா கூட்டிட்டுப் போவாங்கம்மான்னு சம்மதிக்க வெச்சாரு. அதனால நானும் எங்க ஊட்டுக்காரரும் கார்ல சேலத்துக்கு இறங்கினோம். இறக்கத்துல வண்டி பூ மாதிரி போச்சு. அம்மாவும் பையனும் பின்னாடி ஏறினாங்க. பையன் நல்ல பையன்தான், எங்க நம்பர் பிளேட்டைப் பார்த்து "நல்லா செஞ்சிருக்கீங்க சார்"ன்னாரு. இவருக்குத் தலைகால் புரியல.

உச்சி வெயில். மலை ஏற ஆரம்பிச்சோம். ரெண்டு மூணு வளைவு தாண்டினதும் அந்தம்மா கண்ணை இறுக்கி மூடிகிட்டு ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பிச்சாங்க. நான் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, பேச்சுக் கொடுத்துகிட்டே வந்தேன். பாதி மலை வந்திருப்போம். ஏதோ தீயுற வாசம். பானெட்டு ரெண்டு பக்கமும் புகை. அடுத்த வளைவுல, பள்ளத்தை ஒட்டினாப்புல வண்டி நின்னே போச்சு. உள்ள தண்ணி கொதிக்கிற சத்தம் உலை கொதிக்கிற மாதிரி கேக்குது. அந்தம்மா, "தீப்புடிச்சுருச்சு சாமி, எறங்கு!"ன்னு பையன் கையைப் புடிச்சு இழுத்துகிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்னுட்டாங்க.

எங்க ஊட்டுக்காரர் திருதிருன்னு முழிச்சாரு. புதுசா வண்டி ஓட்டுறவருக்கு என்ன தெரியும்? நான் முன்னாடி போய் நின்னேன். அந்த ரப்பர் ஷீட்டு ஓரத்துல கை பட்டுச்சு, சுரீர்னு சுட்டுருச்சு. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. "ஐயோ, இந்தப் பலகைதாங்க சாக்கு! சாக்கை அவுக்காமயே மலை ஏத்திகிட்டு வந்திருக்கோம்!"

அவருக்கும் புரிஞ்சு போச்சு. மூஞ்சி செத்துருச்சு. நான் ரோட்டைத் தாண்டி ஓடினேன். "அம்மா, தீயெல்லாம் இல்லைங்க. காத்து போகாம சூடாயிருச்சு, அவ்வளவுதான். அந்தப் பலகையை எடுத்துட்டா கொஞ்ச நேரத்துல ஆறிடுங்க. எங்க புள்ள காத்துகிட்டு இருக்கா"ன்னு கெஞ்சினேன். "பலகையை எடுக்கட்டும் கண்ணு, பார்க்கலாம்"னாங்க. அவ்வளவு தூரம் இறங்கி வந்தாங்க, பொய் சொல்லக் கூடாது.

திரும்பிப் பார்க்கிறேன், இந்த மனுஷன் முன்னாடி குத்துக்கால் போட்டு உக்காந்து, கம்பி முடிச்சை ஒவ்வொண்ணா, மெதுவா, நகத்தால நிமிண்டிகிட்டு இருக்காரு. கை சுடச் சுட ஊதிகிட்டு, வால்வ் ட்யூப்பு கழண்டா அதைத் திரும்ப மாட்டிகிட்டு! "ஏனுங்க, இழுத்துப் பிச்சு எறியுங்க!"ன்னு கத்தினேன். "இரும்மா, கிரில்லுல கோடு விழுந்துரும்"னாரு. சத்தியமா அப்படித்தான் சொன்னாரு. நான் போய் பிரேமைப் புடிச்சு ஆட்டினேன், அசையல. அத்தனை கட்டு கட்டியிருந்தாரு. அழுகையும் ஆத்திரமுமா வந்துச்சு, வாயில வந்ததையெல்லாம் திட்டினேன். திட்டினா முடிச்சு அவுந்துருமா?

அப்ப மேலேயிருந்து சேலம் போற பஸ்சு ஹாரன் அடிச்சுகிட்டு இறங்கிச்சு. எங்க வண்டி வளைவை அடைச்சுகிட்டு நின்னதால அதுவும் நின்னுச்சு. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "சேலம் வர்றீங்களாம்மா? எடம் இருக்கு"ன்னாரு. அந்தம்மா புகையைப் பார்த்தாங்க, பள்ளத்தைப் பார்த்தாங்க, முன்னாடி உக்காந்து நிமிண்டிகிட்டு இருந்தவரைப் பார்த்தாங்க. "மன்னிச்சுக்க கண்ணு. இந்த மலை எங்களுக்கு ஒத்து வராது. எனக்கு இருக்கிறது இவன் ஒருத்தன்தான்"னாங்க. நான் கையைப் புடிச்சேன். மெதுவா எடுத்து விட்டுட்டாங்க. பையன் என்னை ஒரு தடவை பார்த்துட்டு, அம்மாவுக்கு முன்னாடியே பஸ்சுல ஏறிட்டாரு.

பஸ்சு வளைவுல மறைஞ்சதுக்கப்புறம்தான் பிரேம் கையோட வந்துச்சு. தண்ணி ஊத்தி, ஆற வெச்சு, ஊட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

என் நாத்தனார் வாசல்லயே நின்னுகிட்டு இருந்தா. ஊதாப்பூ கலர்ல சேலை, தானே தைச்ச ஜாக்கெட்டு. குனிஞ்சு பின் சீட்டைப் பார்த்தா. நிமிர்ந்து என் மூஞ்சியைப் பார்த்தா. நடந்ததை ரெண்டு வார்த்தையில சொன்னேன்.

"எதுவரைக்கும் வந்தாங்க அண்ணி?"

"பாதி மலை வரைக்கும் கண்ணு."

"பஸ்சுல அவங்கம்மா கூட்டிட்டுப் போனாங்களா? இல்ல, அவங்களாவே ஏறினாங்களா?"

"அம்மாவுக்குச் சீட்டு புடிக்க அவருதான் சாமி மொதல்ல ஏறினாரு"ன்னேன்.

தலையை ஆட்டிகிட்டா. அவங்க அண்ணன் பிரேமை நெஞ்சோட அணைச்சுகிட்டு, தலையைத் தொங்கப் போட்டுகிட்டு காருக்குப் பக்கத்துல நின்னாரு. விரலெல்லாம் கொப்புளம். அவரைப் பார்க்க அவளுக்கே பாவமா போச்சு போல.

"பரவால்லைங்கண்ணா, விடுங்க"ன்னா. "வண்டிக்கு ஒண்ணும் ஆகலைங்களே?"

நான்தான் சொன்னேன், ஒரு கீறல்கூட விழலன்னு.