சந்தனத்தில் ஊறிய துப்பாக்கிப் பிடி

என் மனைவியின் அண்ணன் அந்த இரண்டு மரத்துண்டுகளையும் பிரியாணிக் கடைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். சேலையூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவர் பையைக் கவிழ்த்ததுமே வாடை வந்தது. பழைய தலையணையின் எண்ணெய்ப் பிசுக்கு, கூடவே புளித்துப்போன சந்தனம். நான் செய்தித்தாளை விரித்து அதன்மேல் அவற்றைத் தள்ளி வைத்தேன்.

அவை என் மாமனாருடைய ரிவால்வரின் பிடிக்கட்டைகள். கைப்பிடியின் இரு பக்கமும் திருகி வைக்கிற வால்நட் மரத்துண்டுகள். மாமனார் ராணுவத்தில் இருந்தவர். அவர் இறந்தபின் லைசென்ஸை முறைப்படி வாங்கிக்கொண்ட மைத்துனர், பெருங்களத்தூரில் மனை வியாபாரம் செய்கிறார். பழைய நாற்காலிகளைச் சுரண்டிப் புதுப்பிப்பது என் ஞாயிற்றுக்கிழமை வேலை என்பதால் இதுவும் என்னிடம் வந்தது. துப்பாக்கி என் வாசலைத் தாண்டக் கூடாது, கட்டைகள் மட்டும் வரலாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன்.

“ஆயுத பூஜைக்கு ஆபீசுக்குப் பார்ட்டிங்கல்லாம் வருவாங்க மாப்ள. எல்லாரும் அதோட போட்டோ எடுத்துப்பாங்க. பளபளன்னு இருக்கணும்.”

“அண்ணா, அதுல அப்பா விரல் பதிஞ்ச இடம் இருக்கு, தெரியுமா?” என்றாள் என் மனைவி.

“எல்லாம் தெரியும். நீ போய் காபி போடு.”

இடது கட்டையின் மேற்புறத்தில் ஒரு பள்ளம் உண்டு. மாமனாரின் வலது கட்டைவிரல் வருடக்கணக்கில் அழுந்தித் தேய்ந்த இடம். என் மனைவி சின்னப் பெண்ணாக இருந்தபோது, அவர் துப்பாக்கியைத் துடைக்கும் நேரங்களில் அதில் தன் விரலை வைத்துப் பார்ப்பாளாம். அப்பா வீட்டிலிருந்து அவள் எதையும் கேட்டு வாங்கியதில்லை. அண்ணன் கிளம்பிய பிறகு இதை மட்டும் கேட்டாள்: “அந்தப் பள்ளத்தை ராவிடாதீங்க.”

கையுறை மாட்டிக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்தேன். வழுக்காமல் பிடிப்பதற்காகக் கட்டை முழுவதும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறியிருப்பார்கள். அந்தக் கீறல் ஒன்றுகூடத் தெரியவில்லை. தின்னரில் தோய்த்த பிரஷ்ஷால் தேய்த்ததும் சிவப்பும் கருப்புமாக ஒரு கூழ் வழிந்தது. சந்தனம், குங்குமம், வியர்வை, அழுக்கு. அதற்குக் கீழே வார்னிஷ். வார்னிஷைச் சுரண்டினால் மறுபடி சந்தனம், அதன்கீழே மறுபடி வார்னிஷ். ஓர் அடுக்கில் ஒரு முடி ஒட்டியிருந்தது. இன்னொன்றில் பாதி எறும்பு. எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு மைத்துனருக்குப் போன் செய்தேன்.

“இதுக்கு யாரு மச்சான் வார்னிஷ் அடிச்சது?”

“நான்தான். சாமிக்கு வெச்ச பொட்டை அழிக்கக் கூடாதில்ல? அதான் வருஷா வருஷம் அது மேலேயே ஒரு கோட்டு.”

“பொட்டு எந்த இடத்துல வெப்பீங்க?”

“அந்தப் பள்ளத்துலதான். பொட்டுக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி இருக்குமே!”

பெருமையாகத்தான் சொன்னார்.

ஈரச் சந்தனத்தை வார்னிஷ் போட்டு மூடினால் அந்த ஈரம் எங்கே போகும்? பள்ளத்தின் கடைசி அடுக்கை மூங்கில் குச்சியால்தான் நெம்பினேன். மரமும் சேர்ந்து வந்தது, டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி. உள்ளே சாம்பல் நிறத்தில் மக்கிய நார், எலி செத்த மாதிரி ஒரு நாற்றம். வழவழப்பான அந்தக் குழிவு எங்குமே இல்லை.

அடுத்த ஞாயிறு வந்த மைத்துனர் அதை விரலால் நோண்டிப் பார்த்துவிட்டு, விரலை எங்கள் மேசை விரிப்பில் துடைத்தார்.

“பட்டி வெச்சு அடைச்சு, மேல ரோஸ்வுட் கலர் அடிச்சுடு மாப்ள. யாருக்குத் தெரியப் போகுது?”

“என்னால முடியாது மச்சான்.”

“இதுக்குப் போய் மூஞ்சிய ஏன் இப்படி வெச்சுக்கிற? ஆன்லைன்ல ரப்பர்ல கிடைக்குது, வாங்கி மாட்டிக்கிறேன். இத தூக்கிப் போடு.” தங்கையைப் பார்த்துச் சிரித்தார். “இல்ல, உனக்கு வேணும்னா தாராளமா வெச்சுக்கோ.”

அவர் போனதும் அவள் இடது கட்டையைக் கையில் எடுத்தாள். கட்டைவிரலைப் பள்ளத்தில் வைத்து அழுத்தினாள். விரல் மெத்தென்று உள்ளே போயிற்று. உடனே இழுத்துக்கொண்டாள். நகத்தடியில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. எழுந்துபோய் சோப்புப் போட்டுக் கழுவினாள். மோந்து பார்த்தாள். மறுபடியும் சோப்பை எடுத்தாள்.

“வேணாங்க. ரெண்டையும் கொண்டுபோய்ப் போட்டுடுங்க” என்றாள், திரும்பாமல்.

போட்டுவிட்டு வந்தேன். அவள் இன்னும் கழுவிக்கொண்டிருந்தாள்.