அண்ணி வராத புத்தகம்

அன்று ராயபுரம் வீட்டில் மூன்று பேர் இருந்தோம்: துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்று, தன் வாழ்க்கையைப் புத்தகமாகப் போட்ட அண்ணன், அவர் மனைவி, எட்டாவதோடு படிப்பை நிறுத்திய நான்.

"படிச்சியா? உண்மைய சொல்லு நைனா" என்றார் அண்ணன்.

ஒரு வாரமாக இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். புயலில் கிரேன் மேலே மாட்டிக்கொண்ட கதையை மூச்சுவிடாமல் படித்தேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஆனா அண்ணிய எங்கியும் காணோமேண்ணா?"

"இன்னா இப்டி சொல்ட்ட? புயலன்னிக்கு டீ குட்த்தேன்னு ஒரு வரி போட்டுகீறாரே, போதாதா?" என்று அண்ணி சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

புத்தகத்துக்கு நான் இன்னும் பணம் தரவில்லை. இப்போது கொடுத்தால், கணக்கைத் தீர்த்து உறவை முறிக்கிறேன் என்று அண்ணன் நினைப்பார். கொடுக்காவிட்டால், பிடிக்காததால்தான் தரவில்லை என்று நினைப்பார். தினமும் அவர் தெருமுனை வரை போய்த் திரும்பிவிடுகிறேன். பாக்கி இருநூற்றைம்பது ரூபாய்.