செலின் அக்காவும் இரும்புத் தும்பியும்

செலின் அக்கா போய்விட்டார் என்ற செய்தி, சிங்கப்பூர் ஜூரோங்கில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் ஸ்டோர் தொலைபேசிக்கு வந்தது. பேசியவர் அவருடைய கணவர் அந்தோணி. காலையில் தேவாலயப் பூசைக்குப் புறப்பட்டவர், சேலை மடிப்பைச் சரிசெய்யக் கட்டிலில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஏற்கெனவே இரண்டு முறை எச்சரித்த இதயம். "கஷ்டப்படல தம்பி" என்றார் அந்தோணி.  

தேக்கா கோப்பிக் கடையில் சனிக்கிழமை மாலைகளில் எங்களோடு உட்கார்ந்து பேசியவர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாக எதுவும் சொல்லிவிட முடியாது. ஆனால் கிளமெண்டியில் நடந்ததை உங்களில் பலர் பார்க்கவில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

நானும் அவரும் ஒரே கம்பெனியில் இருந்தோம். தொலைக்காட்சிப் பெட்டிகள் செய்யும் இடம். நான் ஸ்டோரில், அவர் லைனின் கடைசியில், முடிந்த பெட்டிகளைப் போட்டுப் பார்த்துத் தேர்ச்சி கொடுக்கும் வேலையில். எழுபதுகளின் நடுவில் ஒருநாள், மாலை ஷிஃப்டில், பத்துப் பெட்டிகளிலும் ஒரே படம் ஓடிக்கொண்டிருந்தது. முதுகில் தகரச் சிறகு கட்டிய ஒருவர் ஒரு நகரத்தின் மேல் பறந்துகொண்டிருந்தார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, சோதிக்கிறேன் என்றார். பொய் இல்லை. அன்று ஒரு பெட்டியைக்கூட அவர் தவறவிடவில்லை.

அந்தத் தொடருக்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர். எங்களுக்குள் அது 'இரும்புத் தும்பி'. பகலில் கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு சாதாரண மனிதர், ஆபத்தென்றால் சிறகு கட்டிக் கிளம்புவார். கறுப்பு வெள்ளைப் படம். அவரைத் தூக்கிப் பிடிக்கும் கம்பி அப்பட்டமாகத் தெரியும். கம்பெனி பஸ்ஸில் அதைச் சொல்லி நான் சிரித்தபோது அக்கா சொன்னார்: "கம்பி தெரிஞ்சா என்ன லா? அந்த ஆளு விழாம இருந்தா போதும்."

இப்படித்தான் எங்கள் சனிக்கிழமைக் கூட்டம் தொடங்கியது. முதலில் நாங்கள் இருவர், பிறகு நான்கு பேர், பிறகு இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போடும் அளவுக்கு. அதில் மூத்தவர் சாமிநாதன் அண்ணன், அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். எந்தக் கதையில் யார் என்ன சொன்னார் என்பது அவருக்கு மனப்பாடம். அவர் ஒன்று சொன்னால் அக்கா மறுப்பார். அக்கா சொன்னால் அவர் மறுப்பார். கோப்பையில் தே ஆறிப்போகும். எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கும்.

எண்பதுகளில் ஒருநாள், இரும்புத் தும்பி மறுபடியும் வரப்போகிறது, ஆனால் கார்ட்டூனாக, வண்ணத்தில், என்று பத்திரிகையில் போட்டிருந்தது. கூட்டம் இரண்டாகப் பிளந்தது. கம்பி இல்லாமல் வரைந்துவிட்டால் எந்தத் தும்பியும் பறக்கும், அதில் என்ன வீரம் என்றார் அண்ணன். பழைய கம்பி விடாத இடத்துக்கெல்லாம் இப்போது போகலாமே என்றார் அக்கா. படம் வருவதற்கு முன்பே மூன்று வாரம் இதையே பேசினோம்.

ஒரு ஞாயிறு மாலை முதல் பகுதி வந்தது. அடுத்த சனிக்கிழமை ஒவ்வொருவரும் ஒன்று சொல்ல, அண்ணன் மட்டும் எதையும் குறிப்பிட்டுச் சொல்லாமல் குப்பை, குழந்தை விளையாட்டு என்று திட்டிக்கொண்டே இருந்தார். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பாத்தீங்களா இல்லையா? பாக்காம பேசாதீங்க அண்ணே."

அண்ணன் எழுந்தார். பக்கத்து முக்காலியில் இடித்துக்கொண்டு, மேசையைப் பிடித்துச் சமாளித்து வெளியே போனார். கோபத்தில் இடித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தோம். அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. தானாக வருவார், விடுங்கள் என்றோம். அக்கா விடவில்லை. மறுநாள் ஞாயிறு மதியம் புக்கிட் மேராவிலிருந்து என் வீட்டுக்கு வந்து, வா, அண்ணன் வீட்டுக்குப் போகலாம் என்று என்னையும் கிளப்பினார்.

கிளமெண்டி வீட்டில் அண்ணனின் மனைவி கதவைத் திறந்தார். அண்ணன் சன்னலோரம் வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் குரலைக் கேட்ட பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பினார். தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் பூப்போட்ட துணி மூடியிருந்தது. சமையலறையில் தண்ணீர் கொடுக்கும்போது அவர் மனைவி தணிந்த குரலில் சொன்னார். கண்ணில் அழுத்தம். இடது கண் முழுதும் போய்விட்டது, வலது கண்ணில் புகைபோலத்தான் தெரிகிறது. எழுத்து தெரியாமல்தான் அச்சக வேலையை விட்டார். முதுகுவலி என்று வெளியே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அக்கா தண்ணீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்து, அண்ணனின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு அண்ணே. தெரியாம சொல்லிட்டேன்னு சொல்ல மாட்டேன். என்னன்னு கேட்டுத் தெரிஞ்சுக்காம சொன்னேன்."

அண்ணன் வானொலியை அணைத்தார். பிறகு, "நீ சொன்னது நெசந்தாம்மா. நான் பாக்கல" என்றார்.

தொடர் வரும் ஆறு மணி ஆகப்போனது. போடட்டுமா, பிடிக்காவிட்டால் அணைத்துவிடுகிறேன் என்று அக்கா கேட்டார். அண்ணன் தடுக்கவில்லை. அக்கா துணியை எடுத்துவிட்டுப் போட்டார். இசை முடிந்து தும்பி முதல் வசனத்தைப் பேசியதும் அண்ணன் நிமிர்ந்தார்.

"இது அந்தப் பழைய ஆளு குரல்."

இருக்காது, அவருக்கு வயதாகியிருக்கும் என்றேன் நான். அண்ணன் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். மூச்சு இழுக்கும் இடம்கூட அதே இடம்தான் என்றார். முடிவில் பெயர்கள் ஓடியபோது அக்கா பெட்டிக்கு அருகே மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் படித்தார். அதே நடிகரின் பெயர் இருந்தது. முந்தைய பகுதிகளைப் பார்த்த எங்களில் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். பார்க்காமல் பேசக் கூடாது என்ற தன் வாதத்தில் தோற்றுப்போய் அக்கா அவ்வளவு மகிழ்ந்து நான் பார்த்ததில்லை.

அன்று முதல் ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறிக் கிளமெண்டிக்குப் போனார். பல வாரங்கள் நானும் போனேன். அண்ணனின் அருகில் உட்கார்ந்து, திரையில் நடப்பதைத் தமிழில் சொல்வார். முதலில் அவருக்கு வரவில்லை. "ஓடறான், விழுந்துட்டான், ஏதோ வெடிக்குது" என்பார். எந்தப் பக்கம் ஓடுகிறான், எதன் மேல் விழுந்தான் என்று அண்ணன் கேட்டுக் கேட்டே அவரைப் பழக்கினார். சில வாரங்களில், மழையில் நனைந்த கூரை எப்படி மின்னுகிறது என்றுகூட அக்கா சொன்னார். நானும் அதே கூரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் சொன்ன பிறகுதான் எனக்கு அது கண்ணில் பட்டது.

ஒரு மாதத்தில் அண்ணன் சனிக்கிழமைக் கூட்டத்துக்குத் திரும்பி வந்தார். கண் விஷயத்தைத் தானே எல்லோரிடமும் சொன்னார். சொல்லிவிட்டு, கார்ட்டூனில் குரல் பிரமாதம், ஓவியம் படுமட்டம் என்று தீர்ப்பும் சொன்னார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அக்கா கேட்டார். "அதான் நீ சொல்ற லட்சணத்துலயே தெரியுதே" என்றார் அண்ணன். அக்கா சிரித்த சிரிப்பில் கடைக்காரரே திரும்பிப் பார்த்தார்.

தொடர் முடிந்த பிறகும் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் நிற்கவில்லை. செய்தி, கால்பந்து, பழைய படங்கள், எது கிடைத்தாலும் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா படியேறக் கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகு, இனி நீ போ என்றார் என்னிடம். வேண்டுகோள்போல இல்லை, வேலை ஒப்படைப்பதுபோல இருந்தது.

அக்காவின் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது, அண்ணனை நான் கைபிடித்து அழைத்துப் போனேன். சவப்பெட்டியருகே நின்று, எப்படி இருக்கிறார் சொல் என்றார். நீல நிறச் சேலை, கையில் செபமாலை, முகம் அமைதியாக இருக்கிறது என்றேன். அண்ணன் கேட்டுக்கொண்டு, பெட்டியின் விளிம்பைத் தொட்டுவிட்டு, போகலாம் என்றார்.

அக்காவிடமிருந்து எனக்கென்று வந்து சேர்ந்திருப்பது கிளமெண்டியின் அந்த ஞாயிறு மாலைதான். போன வாரமும் போயிருந்தேன். ஒரு படகுப் போட்டியைக் காட்டினார்கள். தண்ணீர், துடுப்பு, கரையில் நிற்கும் கூட்டம் என்று என்னால் முடிந்தவரை சொன்னேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செலின் இன்னும் நல்லா சொல்லும்" என்றார். ஆமாம் என்றேன். பிறகு எந்தப் படகு முன்னால் போகிறது என்று கேட்டார், சொன்னேன்.