டெய்லரக்கா வெட்டிய கோட்டு

உதட்டோரம் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டேதான் டெய்லரக்கா பேசுவார். உதடு குவியும் எழுத்துகளெல்லாம் உள்ளேயே நின்றுவிடும். “யித்தை எக்காதீங்க” என்றால் வயிற்றை எக்காதீர்கள் என்று பொருள். அளவு கொடுக்க வரும் ஆண்களில் பெரும்பாலோர் நாடாவைக் கண்டதும் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அவர் விடமாட்டார். விலாவில் விரலால் ஒரு குத்து. புஸ்ஸென்று மூச்சு வெளியேறும். அப்போது எடுப்பதுதான் அளவு.

எங்கள் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், லிஃப்டுக்கு எதிரே அவருடைய கடை. அடுத்த கதவு என் மூக்குக்கண்ணாடிக் கடை. அதனால் நான் ‘கண்ணாடி அண்ணே’. அவர் கடையில் இரண்டு மெஷின், ஓர் ஆளுயரக் கண்ணாடி, துணி வெட்டும் நீள மேசை, ஒரு நாத்தனார். காஜா எடுப்பதும் பட்டன் தைப்பதும் நாத்தனாரின் வேலை. அண்ணியோடு மல்லுக்கு நிற்பது உபரி வேலை.

“எனக்கு மாமியார் வீட்ல குடுத்த சீர் இது ஒண்ணுதான்” என்று புதிதாக வருபவர்களிடம் அக்கா அறிமுகம் செய்துவைப்பார்.

“திருப்பிக் குடுத்துடுங்களேன் அண்ணி.”

“குடுத்துப் பாத்துட்டேன். வாங்கிக்க மாட்டேங்கறாங்க!”

இருவரும் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த சண்டை தொடங்கிவிடும்.

சென்ற ஆண்டு கட்டட நிர்வாகி லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினார். இதயம் தாறுமாறாகித் துடிப்பு நின்றுவிட்டால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் கருவி. மாடிக்கு இரண்டு பேர் பயிற்சிக்கு வரவேண்டும் என்றார். நான் உட்பட எல்லாரும் ஆளுக்கொரு சாக்குச் சொன்னோம். அன்றைக்கு மின்சாரம் இல்லை, மெஷின் ஓடாது என்பதால் அண்ணியும் நாத்தனாரும் போனார்கள். தரையில் கிடந்த பொம்மையைப் பார்த்ததும் அக்கா, “பாவம், இவருக்குத் தோளே சரியா அமையல” என்றாராம். முழங்கையை மடக்காமல், உடம்பின் பாரம் முழுவதும் இறங்கும்படி நெஞ்சின் நடுவில் அமுக்கவேண்டும் என்று பயிற்சியாளர் சொல்ல, “தடிச்ச துணிக்கு இஸ்திரி போடற மாதிரிதானே?” என்று கேட்டு, பொம்மையை அமுக்கு அமுக்கென்று அமுக்கியிருக்கிறார். திரும்பி வந்து ஒரு வாரம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் முற்பகல், பஸ் ஓட்டுநர் ஒருவர் மனைவியோடு வந்தார். மகளுக்குக் கல்யாணம். பிறந்ததிலிருந்து கோட்டே போடாத மனிதருக்கு மகள் பிடிவாதமாக ஒன்று தைக்கக் கொடுத்திருந்தாள். பட்டன் வைக்காத கோட்டின் முன்பக்கத்தைக் குண்டூசியால் சேர்த்துவைத்து, அக்கா அவரைக் கண்ணாடி முன்னால் நிறுத்தியிருந்தார். நானும் வேடிக்கை பார்க்க வாசலில் நின்றேன்.

“காலையிலேர்ந்து நெஞ்சைக் கரிக்குதுன்னு சொல்றாரு, வாயுவா இருக்கும்” என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தார். ஓட்டுநர் கண்ணாடியைப் பார்த்து, “ஆபீசர் மாதிரி இருக்கேன்ல?” என்றார். அப்படியே சரிந்தார்.

அக்கா குண்டூசிகளைத் துப்பினார். தோளைத் தட்டி, “அண்ணே! அண்ணே!” என்று கத்தினார். பதில் இல்லை. வாய் திறந்து, குறட்டை போல விட்டுவிட்டு ஓர் இழுப்பு வந்தது.

“மூச்சு விடறாரே!” என்று மனைவி அலறினார்.

“அது மூச்சு இல்லம்மா, பயிற்சியில சொன்னாங்க” என்றார் அக்கா. “கண்ணாடி அண்ணே, பெட்டி! ஏய், நீ ஆம்புலன்ஸுக்குப் போன் போடு!”

நான் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்தபோது, அக்கா மண்டியிட்டு, ஒரு கைமேல் ஒரு கை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். கோட்டில் இருந்த குண்டூசி ஒன்று உள்ளங்கையில் ஏறியிருந்தது. கோட்டில் ரத்தம். கையை எடுக்கவில்லை. அவர் களைத்ததும் நாத்தனார் எதிர்ப்பக்கம் வந்து உட்கார்ந்தார். “மாத்து” என்றார் ஒருவர். “ம்” என்றார் மற்றவர். அவர்கள் இவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

கை மாறியதும் அக்கா பெரிய கத்தரிக்கோலை எடுத்தார். ஒரு கணம் தயங்கினார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு கழுத்திலிருந்து அடிவரை, கோட்டு, சட்டை, பனியன் எல்லாவற்றையும் ஒரே வெட்டாக வெட்டிப் பிரித்தார். வெறும் நெஞ்சில் பெட்டியிலிருந்த பட்டைகளை ஒட்டினார். பெட்டி பேசத் தொடங்கியது. எல்லோரும் விலகுங்கள் என்றது. நாத்தனாரின் தோளைப் பிடித்து அக்கா பின்னால் இழுத்தார். ஓட்டுநரின் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. “அமுக்கு!” மறுபடியும் அமுக்கினார்கள். மனைவி அழுதுகொண்டே கணவரின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் லிஃப்டிலிருந்து ஓடி வந்தபோது, ஓட்டுநர் கையை அசைத்து, அமுக்கும் கையைத் தள்ளப் பார்த்தார்.

“வலிக்குதாம்! அண்ணி, அவருக்கு வலிக்குதாம்!” என்று நாத்தனார் கூவினார். என் வாழ்நாளில் கேட்ட மிக நல்ல செய்தி அதுதான்.

எல்லாரும் போனபின் அக்காவால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. “கைக்கடியில ஏதோ முறிஞ்சுது அண்ணே. எலும்புதான். காப்பாத்தப் போயி கொன்னுட்டேனோ என்னமோ” என்றார். நாத்தனார் ஊசியை வாங்கி, நூலைக் கோத்துக் கையில் கொடுத்தார். மறுநாள் மாலை மருத்துவமனையிலிருந்து மனைவியின் போன் வரும்வரை அந்தக் கடையில் சண்டையே நடக்கவில்லை. எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

இரத்தக்குழாயில் அடைப்பாம், நீக்கிவிட்டார்களாம். நாங்கள் மூவரும் பார்க்கப் போனோம். ஓட்டுநர் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

“என் மேல லாரி ஏத்துனது யாரும்மா?”

“நாந்தாண்ணே. விலா எலும்பு போச்சாமே?”

“இத்தனை வருஷ சர்வீஸ்ல நான் யாரு மேலயும் ஏத்துனதில்லையேம்மா!” சிரிக்கப் போய், வலியில் முகத்தைச் சுளித்து, மறுபடியும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்தக் கோட்டு?” என்றார்.

“வெட்டிட்டேன்.”

“தையலைப் பாத்து வெட்டியிருந்தா ஒட்டுப் போட்டிருக்கலாம்ல?”

“அடுத்த தடவ சொல்லிட்டு விழுங்க, நிதானமாப் பிரிக்கறேன்” என்றார் அக்கா. நர்ஸ் வந்து எங்களை வெளியே அனுப்பிவிட்டார்.

அப்பா எழுந்து நடக்காமல் கல்யாணம் கிடையாது என்று மகள் தேதியைத் தள்ளிவைத்தாள். ஆள் இளைத்திருந்ததால் அக்கா புதிதாக அளவெடுத்தார். இந்த முறை விலாவில் குத்தவில்லை. “மெதுவா மூச்சு விடுங்கண்ணே” என்று சொல்லிக் காத்திருந்தார்.

கல்யாண மண்டபத்தில் எங்களுக்கு முன்வரிசை. இசை தொடங்கியதும் மகள் அப்பாவைக் கைப்பிடித்து நடுவில் இழுத்து வந்தாள். “டாக்டர் நடக்கத்தான் சொன்னாரு, ஆடச் சொல்லல!” என்று மனைவி பின்னாலேயே வந்து, அவரும் அந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். ஓட்டுநர் பெரிய வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்புவது போல இரண்டு கைகளையும் மெல்லச் சுழற்றினார். மகள் கைதட்டினாள். அவர் கைகளை இன்னும் உயர்த்தினார். அக்குளில் கோட்டுத் தையல் டர்ரென்று விட்டது.

“ஐயோ அண்ணி, கையிடுக்கு!” நாத்தனார் அவசரமாகக் கைப்பையைத் திறந்து ஊசியைத் தேடினார்.

அக்கா அந்தப் பையை வாங்கி என் மடியில் போட்டார். நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பி, ஆடுகிறவர்கள் நடுவே இழுத்துக்கொண்டு ஓடினார்.