போஸ்டரில் ஒரு சிவப்பு அம்பு

தையல் கம்பெனியில் அவளுக்கு ஸ்டிக்கரக்கா என்று பேர். அப்பா அம்மா ஆசையாய் வைத்த பேர் அடையாள அட்டையில் மட்டும் சும்மா படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. நாற்பது மிஷின்கள் தைத்துத் தள்ளுகிற சட்டையெல்லாம் கடைசியில் அவள் மேசைக்குத்தான் வரும். காலரைப் புரட்டி, கையை உள்ளே விட்டு, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பாள். தையல் விட்ட இடமோ எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டால் போதும், சுருளிலிருந்து ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரைக் கிழித்து, முனை குறையைப் பார்க்கிற மாதிரி ஒட்டிவிடுவாள். ஒட்டினால் ஒட்டினதுதான். சரக்கு ஏற்ற நேரமாச்சு, கண்ணை மூடிக்கோ தாயே என்று சூப்பர்வைசர் கெஞ்சுவார். கண்ணைத் திறந்து வச்சிருக்கத்தான் சார் எனக்குச் சம்பளம் என்பாள்.

தைக்கிற பெண்கள் இதற்குப் பழி தீர்க்காமல் விடுவார்களா? அவள் தண்ணீர் குடிக்க எழுந்தால் முதுகில் ஒரு அம்பை ஒட்டிவிடுவார்கள். அது தெரியாமல் அவளும் பஸ் ஏறி வீடு வரை போவாள். புருஷன் அதைப் பிய்த்து எடுத்து, "கம்பெனிக்காரனுக்கு இப்பதான் தெரிஞ்சிருக்கு. எனக்குக் கல்யாணத்தன்னிக்கே தெரியும்" என்பார்.

அவர் பெயிண்டர். மூன்று வருஷத்துக்கு முன்னால் சாரம் சரிந்து மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தார். அன்றையிலிருந்து இடுப்புக்குக் கீழே எதுவும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. காலு ரெண்டும் ஸ்டிரைக்கில் இருக்கு, பேச்சுவார்த்தை நடக்குது என்று விசாரிக்க வருகிறவர்களிடம் சொல்வார். வந்தவர்கள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முழிப்பார்கள்.

இருந்த வீடு கைவிட்டுப் போனபோது சபைதான் இடம் கொடுத்தது. ஆலயத்துக்குப் பின்னால், உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறை. தோல் கிழிந்த பெரிய டிரம் ஒன்றும் அங்கேயே கிடந்தது. அதைக் கவிழ்த்துப் போட்டு அவருக்குச் சாப்பாட்டு மேசையாக்கினாள். பதிலுக்கு ஆலயத்தைப் பெருக்கி, ஞாயிறுதோறும் இருநூறு நாற்காலி போடுவது அவள் பொறுப்பு. தினமும் விடிந்ததும், வேலைக்குக் கிளம்புமுன், கட்டில் காலடியில் முழங்கால் போட்டு ஒரே ஒரு வரி கேட்பாள். "ஆண்டவரே, இவர் எழுந்து நடக்கணும்." அவ்வளவுதான். பிறகு பஸ்ஸுக்கு ஓட்டம்.

முதல் வருஷம் சபையே கூடக் கேட்டது. எண்ணெய் பூசினார்கள், உபவாசம் இருந்தார்கள். அப்புறம் ஒவ்வொருத்தராய்க் கழன்றுகொண்டார்கள். கழன்றவர்கள் சும்மா போகவில்லை. விசுவாசம் குறைச்சலோ, மறைச்சு வச்ச பாவம் ஏதாவது இருக்கோ என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவளும் தன்னையே சட்டை மாதிரிப் புரட்டிப் போட்டுத் தேடினாள். கம்பெனி ஸ்டிக்கர் சுருள் ஒன்று எப்பவோ கைப்பையோடு வந்தது, திருப்பிக் கொடுக்கவில்லை. அதற்கே ரெண்டு நாள் அழுதாள். ஒரு சுருள் ஸ்டிக்கருக்கு ஒரு மனுஷனோட ரெண்டு காலையும் எடுத்துக்கிறவர்னா அவரு உங்க சூப்பர்வைசரை விட மோசம்டி என்றார் புருஷன்.

அப்புறம்தான் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்தார். மைதானத்தில் சுகமளிக்கும் கூட்டம். தன்னை வேடிக்கைப் பொருளாக்க வேண்டாம் என்று புருஷன் எவ்வளவோ சொன்னார். ஒரே ஒரு தடவை என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்காக வந்தார். மேடையில் சபைத் தொண்டர்கள் ரெண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். பிரசங்கியார் முழங்கினார், கூட்டம் ஸ்தோத்திரம் சொன்னது, கேமரா மின்னியது. மேடைக்குப் பின்னால் கொண்டுபோய் மூட்டையை இறக்குகிற மாதிரி சக்கர நாற்காலியில் இறக்கினார்கள். கதை முடிந்தது.

ஆனால் நிற்க வைத்த அந்த மூன்று விநாடியில் அவர் குதிகால் தரையைத் தொட்டதை அவள் பார்த்திருந்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் தொண்டர்களின் கை வலியைப் பற்றிக் கேலி பேசிக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் நாற்காலியை நிறுத்தி, அவள் மெதுவாய்க் கேட்டாள்.

"தரை தெரிஞ்சுதாங்க?"

கேலி நின்றுபோனது. "இல்ல" என்றார்.

ரெண்டே வாரத்தில் சபை ஆண்டு விழாவுக்கு ஆளுயரப் போஸ்டர் வந்தது. அவள் புருஷன் தனியாய், நிமிர்ந்து நிற்கிறார். தொண்டர்களைக் காணோம், வெட்டி எடுத்திருந்தார்கள். விழா ஞாயிற்றுக்கிழமை அவள் எல்லார் முன்னாலும் எழுந்து, ஆண்டவர் செய்ததற்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்றார் போதகர். கெட்ட மனுஷர் இல்லை. அவர் வீட்டுக் கஞ்சியில் பாதி இவர்கள் வீட்டுக்கு வந்த நாளெல்லாம் உண்டு.

"நடந்தார்னு சொல்ல வேணாம் சகோதரி. நின்னார்னு சொல்லுங்க போதும். நின்னது நிஜந்தானே?"

பின்னறையைப் பிள்ளைகளின் வகுப்புக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சபையை நடத்துகிற மூப்பர்கள் நச்சரிப்பதையும், இப்படி ஒரு சாட்சி வந்துவிட்டால் யாருக்கும் காலி பண்ணச் சொல்ல வாய் வராது என்பதையும் அவர் அதோடு சேர்த்தே சொன்னார். தராசில் சாட்சி ஒரு தட்டு, கூரை ஒரு தட்டு. அன்று ராத்திரி அதைப் புருஷனிடம் சொன்னாள்.

சொல்லித் தொலை என்றார் புருஷன். உங்க ஆண்டவருக்குப் போஸ்டர் படிக்கிற பழக்கம் கிடையாது, மழைக்குத் தலை நனையாம இருக்கணும், அதைப் பாரு என்றார்.

சொல்லிவிடலாம் என்றுதான் ஞாயிறு காலை நாற்காலிகளைப் போட்டாள். போட்டு முடித்து, வாசலைப் பெருக்கிக்கொண்டே போஸ்டருக்கு முன்னால் வந்தாள். பாழாய்ப்போன கண் சும்மா இருக்குமா? இடது அக்குளுக்குக் கீழே, தூக்கின தொண்டரின் நாலு விரல். வெட்டினவன் விட்டுவிட்டான். ஒரு விரலில் மோதிரம்கூட இருந்தது. கைப்பைக்குள் அந்தத் திருட்டுச் சுருள் கிடந்தது. கை பாட்டுக்கு ஒரு அம்பைக் கிழித்தது, ஒட்டியது.

ஒட்டினபிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. நல்ல துணியில் தடம் விழாமல் பிய்க்கிற மாதிரிச் செய்த ஸ்டிக்கர் அது, நகம் பட்டால் வந்துவிடும். வாசலுக்கு இன்னும் யாரும் வரவில்லை. ஓரத்தில் நகத்தை வைத்தபடி நின்றாள். அப்படியே நின்றாள். பிறகு கையை எடுத்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

பாட்டுக் குழுப் பெண் ஒருத்திதான் முதலில் பார்த்தாள். பக்கத்திலிருந்தவளை இடித்தாள். அவள் வாயைப் பொத்தினாள். கொஞ்ச நேரத்தில் போஸ்டரைச் சுற்றி ஒரே குசுகுசு. யாருடைய மோதிரம் என்பது வரைக்கும் கண்டுபிடித்துவிட்டார்கள். போதகர் வந்தார், பார்த்தார், முகம் வெளுத்தது. யார் வேலை இது என்று கேட்டார்.

"நான்தான் ஐயா. குறை அங்கதான் இருக்கு." துடைப்பத்தை இன்னும் கீழே வைக்கவில்லை. "சாட்சி கேட்டீங்களே. மூணு வருஷமாக் கேக்குறேன், ஆண்டவர் தரல. நாளைக்கும் கேப்பேன். எங்கிட்ட இருக்கிற சாட்சி இவ்வளவுதான்."

சபைக்கு இடறலாகிவிட்டீர்கள் சகோதரி, நம்பி வருகிறவர்கள் தடுக்கி விழுவார்கள் என்றார் போதகர். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. அதனால் இன்னும் கசந்தது.

அந்த வாரமே ஒரு மூப்பர் வந்து அறையைக் காலி செய்யச் சொன்னார். ரொம்ப மரியாதையாய்ச் சொன்னார். சொல்லி முடித்து, இவர்களுக்கு நல்ல வீடு அமைய வேண்டும் என்று கண்ணை மூடிப் பத்து நிமிஷம் ஜெபமும் பண்ணிவிட்டுப் போனார்.

அமைந்த வீடு இரண்டாவது மாடியில். நாலு பேர் சேர்ந்து புருஷனைத் தூக்கி ஏற்றினார்கள். ஏறினவர் அப்புறம் இறங்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர், வெள்ளையடித்து நாளாகிவிட்டது. பெயிண்டருக்கு இதைவிடத் தண்டனை வேண்டுமா? கேலி குறைந்தது, பிறகு பேச்சே குறைந்தது. அவள் ஞாயிற்றுக்கிழமை அதே ஆலயத்துக்குத்தான் போனாள். கடைசி வரிசை. இந்தப் பக்கம் ரெண்டு நாற்காலி காலி, அந்தப் பக்கம் ரெண்டு காலி. வேறு சபையா இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு, சண்டை போட்ட இடத்துலதானே போய் நிக்கணும் என்றாள்.

ஒரு நாள் விடியலில் அவள் முழங்கால் போட்டபோது புருஷன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"போதும்டி. எனக்காகக் கேக்காத. அசிங்கமா இருக்கு."

"நான் கேக்கிறதை நிறுத்திட்டா" என்றாள் அவள், "அவர் தரலங்கிறதே இல்லாமப் போயிடும். எல்லாம் சரியா இருக்குன்னு ஆயிடும். நான் விடமாட்டேன்."

அன்று மாலை அவள் வழக்கம்போல முதுகில் ஒரு அம்போடு வந்து சேர்ந்தாள். அவர் அதைப் பிய்த்தார். கல்யாணக் கேலியைச் சொல்லவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவள் கட்டில் காலடிக்கு வந்தாள். போர்வை விலகியிருந்தது. அவர் வலது முழங்காலில் அந்தச் சிவப்பு அம்பு.

"கேக்கறதுன்னா இடத்தைக் காட்டிக் கேளு" என்றார், சுவரைப் பார்த்தபடியே.

முழங்கால் போட்டாள். அந்த ஒரு வரியைக் கேட்டாள். கால் அசையவில்லை. அம்பைப் பிய்க்காமல் போர்வையை இழுத்து மூடிவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினாள்.