இடுக்குப் பிள்ளையாருக்குள் மாமா

எங்கள் ஊரில் கணவனோடு சண்டை போட்டுக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வரும் பெண்களுக்கு ஒரு வசதி உண்டு. வீட்டில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அண்ணாமலையைச் சுற்றிவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். ஏன், எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். அப்பாவின் தங்கையான என் அத்தை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதைத்தான் செய்தாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள். எனக்கு அப்போது எட்டு வயது.

அத்தை கீழ்பென்னாத்தூரிலிருந்து பெட்டியோடு வந்து சில நாட்கள் ஆகியிருந்தன. கல்யாணமாகி இத்தனை காலமாகியும் குழந்தை இல்லை, மகனுக்கு வேறு பெண் பார்க்கப் போகிறேன் என்று அவளுடைய மாமியார் வாய்விட்டே சொல்லிவிட்டாராம். பக்கத்தில் நின்ற மாமா வாயே திறக்கவில்லை. அத்தைக்கு அதுதான் பொறுக்கவில்லை. "இனிமே அந்த வீட்டுப் படி ஏற மாட்டேண்ணா" என்று அப்பாவிடம் அவள் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். பெரியவர்கள் ரகசியம் பேசும்போது நான் எப்போதும் அங்கேதான் இருப்பேன்.

எனக்கு மாமாவை ரொம்பப் பிடிக்கும். மல்லாட்டை வியாபாரி. வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். வரும்போதெல்லாம் வறுத்த மல்லாட்டை ஒரு பை நிறையக் கொண்டுவருவார். அன்று அவர் சமாதானம் பேச வருவதாக இருந்தது. அது தெரிந்துதான் அத்தை செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

நாங்கள் திரும்புவதற்குள் மாமா வந்து போய்விட்டால் என்ன செய்வது என்று எனக்கு ஒரே தவிப்பு. அதனால் அத்தையை இழுக்காத குறையாக நடத்தினேன். அத்தைக்கும் கோபத்தில் நல்ல வேகம். அக்னி லிங்கத்தில் ஒரு கும்பிடு, எம லிங்கத்தில் ஒரு கும்பிடு, அவ்வளவுதான். செங்கம் ரோட்டை விட்டு வலதுபக்கம் திரும்பி மர நிழலுக்கு வந்தபோது அம்மா போன் செய்தாள். "நடந்தா வராரு? செருப்பில்லாமயா?" என்று கேட்டுவிட்டு அத்தை போனை அணைத்தாள். யார் என்று கேட்டதற்கு "ஒண்ணுமில்ல, வா" என்றாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு என்ன ஆயிற்றென்றே தெரியவில்லை. காலில் முள் என்று உட்கார்ந்தாள். நான் தேடிப் பார்த்தேன், முள்ளைக் காணோம். மயிலைக் கண்டால் நின்றாள், குரங்கைக் கண்டால் நின்றாள். அடி அண்ணாமலை கோயிலுக்குள் போனவள் பிராகாரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். வெளியே வந்து வெள்ளரிக்காய் வாங்கி, அதை ஆற அமர மென்றாள். நான் என் தந்திரத்தை எடுத்தேன். கால் வலிக்கிறது, ஆட்டோவில் போய்விடலாம் என்று அழுதேன்.

"வலிக்குதா? அப்ப உக்காரு கண்ணு. மெதுவா போவலாம்" என்று அவள் மகிழ்ச்சியாகச் சொன்னதும் எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் மாமா வந்தார். கனத்த உடம்பு, நனைந்த சட்டை. தார் ரோட்டுச் சூடு தாங்காமல் நிழலுக்கு நிழல் தாவி வந்தார். ஆட்டோவில் எதிர்ப்பக்கமாகப் போயிருந்தால் எங்களைச் சுலபமாகப் பிடித்திருக்கலாம். ஆனால் மலையை வலதுகைப் பக்கம் வைத்துத்தானே சுற்ற வேண்டும்? சமாதானம் பேசப் போகிறவர் இடமாகச் சுற்றினாலோ, வண்டியில் சுற்றினாலோ விளங்குமா? அதனால் தேரடியிலிருந்து வெறுங்காலோடு எங்கள் பின்னாலேயே வந்திருக்கிறார்.

அத்தை சட்டென்று எழுந்து நடக்க ஆரம்பித்தாள். அவள் முதுகைப் பார்த்து மாமா, "வீட்டுக்குப் போவலாம்" என்றார்.

"எந்த வீட்டுக்கு?" என்றாள் அத்தை, திரும்பாமலே.

வருண லிங்கம், வாயு லிங்கம், குபேர லிங்கம் வரைக்கும் நான்தான் நடுவில் நடந்தேன்.

குபேர லிங்கத்தைத் தாண்டினால் இடுக்குப் பிள்ளையார். சின்னக் கல் மண்டபம். பின்பக்கச் சந்தில் நுழைந்து, ஒருக்களித்து ஊர்ந்து, முன்பக்கமாக வெளியே வர வேண்டும். வந்தால் குழந்தை பிறக்கும் என்று நம்பிக்கை. வாசலில் பூ விற்ற அம்மா என் கன்னத்தைக் கிள்ளி, "உங்க பொண்ணா?" என்று கேட்டாள். "இல்ல, அத்தைக்குப் பாப்பாவே இல்ல" என்று நான் உரக்க விளக்கம் கொடுத்தேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அட, இங்க வந்துட்டு சும்மா போலாமா? பூந்து வாம்மா" என்றாள் பூக்காரம்மா.

"எத்தினியோ வாட்டி பூந்தாச்சுங்க" என்றாள் அத்தை. அவள் முகம் சுண்டிப்போயிருந்தது.

மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். "நான் போறேன்" என்றார்.

"நீ எதுக்குப்பா? பொம்பள பூந்தா போதும்" என்றாள் பூக்காரம்மா.

"கொழந்த ரெண்டு பேருக்கும்தானே? இத்தினி நாளா இவ ஒருத்தியே பூந்துட்டு வந்தா. கொற எங்கிட்டயும் இருக்கலாமில்ல?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு மாமா உள்ளே நுழைந்தார்.

தலையும் ஒரு கையும் முன்பக்கம் வந்தன. வயிறு வரவில்லை. "மூச்ச உடுங்க", "ஒருக்களிச்சுப் படுங்க" என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அத்தையும் சிரித்தாள், எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக. அப்புறம் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். சட்டைப் பொத்தான் தெறித்து, முழங்கை சிராய்த்து, மாமா வெளியே வந்து விழுந்தார். அத்தை அவர் முழங்கையை முந்தானையால் துடைத்துக்கொண்டே தேம்பித் தேம்பி அழுதாள். "ரத்தம் கம்மியாத்தான் வருது, அழாத அத்த" என்று நான் தேற்றினேன்.

அன்று சாயங்காலமே அவள் மாமாவோடு பஸ் ஏறிவிட்டாள். அவர்களுக்குக் கடைசிவரை குழந்தை பிறக்கவில்லை. வேறு பெண் பேச்சும் அந்த வீட்டில் எழவில்லை. மாமா சிக்கிக்கொண்ட கதையைப் பள்ளிக்கூடம், ஆஸ்டல், ஆபீஸ் என்று எல்லா இடத்திலும் நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அத்தை அழுத இடத்தைச் சொல்ல மாட்டேன். காயத்துக்குப் பயந்து அழுதாள், அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்றே சமீபம் வரை நினைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில், சொந்தக்காரப் பெண்மணி ஒருத்தர் என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் விசேஷம் ஒண்ணுமில்லையா? இடுக்குப் பிள்ளையாருக்குப் போயிட்டு வந்தியாம்மா?" என்று கேட்டார். பக்கத்து நாற்காலியில் இருந்த என் கணவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.