யாருடைய விருப்ப ஓய்வு?

'விருப்பம்' என்றால் என்ன? பட்டப்படிப்பு வரை படித்த எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை.

போன வருடம் தேனிப் பக்கம் ஒரு நூற்பாலையில், நூலின் தரம் பார்க்கும் பிரிவில் வேலை பார்த்தேன். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிய கொஞ்ச நாளிலேயே மேலாளர் கூப்பிட்டு, "இனி உங்களுக்கு நைட் ஷிப்டுதான். முடியாதவுக விருப்ப ஓய்வு வாங்கிக்கிடலாம்" என்றார். பால் மறக்காத பிள்ளையைச் சுருளிப்பட்டியில் எங்கள் வீட்டில் விட்டுவிட்டு இரவு முழுக்க எப்படி மில்லில் நிற்பது? அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டேன்.

"இந்த வயசுல ரிட்டயர்டு ஆன மொத ஆளு எங்க வீட்டுலதான்" என்று கணவர் கிண்டலடித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. திராட்சைத் தோட்டத்தில் அவருக்குத் தினமும் வேலை இருக்காது. என் சம்பளத்தை நம்பித்தான் வீடு ஓடியது.

மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த தொழிலாளர் காப்பீட்டில், வேலை இழந்தவர்களுக்கு உதவித்தொகை உண்டு என்று கேள்விப்பட்டேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன்.

"விருப்ப ஓய்வு வாங்குனவுகளுக்கு இது கிடையாதும்மா. நீங்களா விட்ட வேலை" என்றார் அதிகாரி.

எதற்கும் "சரிங்க சார்" என்று திரும்பிவிடுகிறவள் நான். அன்று என்னமோ வாய் அடங்கவில்லை. "யாரு விருப்பம் சார்? எனக்கு விருப்பம்னு யாரு சொன்னாக?"

பின்னால் நின்ற ஓர் அம்மா, "நல்லாக் கேளுத்தா! கைப்பிள்ளக்காரிக்கு ஓய்வாம்ல ஓய்வு!" என்றதும் வரிசையே சிரித்தது.

அதிகாரி ஒரு தாளை நீட்டி, மேலிடத்துக்கு மனு எழுதித் தரச் சொன்னார். வேலை போன காரணம், 'நிர்வாகத்தின் விருப்பப்படி ஓய்வு' என்று எழுதினேன்.

"இப்படி ஒண்ணு கிடையவே கிடையாதும்மா. அடிச்சு எழுதுங்க."

"நடந்தது அதான் சார். அடிக்க மாட்டேன்."

முணுமுணுத்துக்கொண்டே முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.

பதில் இன்னும் வரவில்லை. "கையெழுத்துப் போட்டது நீதானத்தா? இப்படி மல்லுக்கு நின்னா வேற மில்லுல எவன் வேலை தருவான்?" என்கிறார் மாமியார். அவர் சொல்வதும் சரிதானோ என்று பிள்ளையைத் தூங்கவைக்கும்போதெல்லாம் யோசிக்கிறேன். ஆனாலும் அந்த வரியை அடித்து எழுத மட்டும் இன்றும் மனம் வரவில்லை.

என்னைப் போலக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு போராடி உதவித்தொகை வாங்கியவர்கள் யாராவது இருந்தால், அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது என்று எழுதுங்களேன். 'விட்டுவிடு' என்ற யோசனை மட்டும் வேண்டாம். அதைச் சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறது.